சங்குப்பூ சர்பத்தின் நீலம்

செம்பருத்தி சர்பத் போடும்போது ஒரு வேடிக்கை நடக்கும். காம்பையும் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டையும் கிள்ளி எறிந்துவிட்டு, இதழ்களின் மேல் கொதிநீரை ஊற்றினால், நிறம் முழுவதும் நீரில் இறங்கி, இதழ்கள் வெளுத்து வழவழவென்று கிடக்கும். ஆனால் நீரில் அந்தச் சிவப்பு இருக்காது; கலங்கலான கத்தரிப்பூ நிறம்தான் இருக்கும். ஆறியதும் எலுமிச்சையைப் பிழிந்தால், சாறு விழுந்த இடத்திலிருந்து பளீரென்று சிவப்பு பரவும். சாயம் எதுவும் சேர்க்கவில்லை. ஏற்கெனவே இருந்த நிறமிதான் வடிவம் மாறியிருக்கிறது.

அந்த நிறமி ஆந்தோசயனின். நாவல்பழத்துக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் தருவதும் இதே குடும்பம்தான். அமிலம் மிகுந்த நீரில் இதன் மூலக்கூறு ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு சிவப்பாகத் தெரிகிறது. அமிலம் குறையும்போது அயனியை விட்டுவிட்டு ஊதாவுக்கும் நீலத்துக்கும் போகிறது. காரம் கூடினால் பச்சை. இன்னும் கூடினால் மூலக்கூறின் வளையமே உடைந்து மஞ்சளாகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் பழைய நிறம் முழுதாகத் திரும்பாது.

இதை வேதியியலுக்கு முதலில் பயன்படுத்திக்கொண்டவர்களில் ஒருவர் ராபர்ட் பாயில். வயலட் பூக்களைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த சர்பத் அன்றைய ஐரோப்பாவில் மருந்தாக விற்றது. அதில் அமிலம் பட்டால் சிவக்கும், காரம் பட்டால் பச்சையாகும் என்று, 1664-ல் வெளியான நிறங்கள் பற்றிய நூலில் பாயில் விளக்கினார். பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் செய்யும் வேலையை அன்று ஒரு பூச்சர்பத் செய்திருக்கிறது!

ஆந்தோசயனின் குடும்பத்தில் எனக்குப் பெரிய ஆச்சரியம் சங்குப்பூதான். சாதாரண ஆந்தோசயனினை அமிலம் குறைந்த நீரில் விட்டால், நீர் மூலக்கூறு அதன் நடு வளையத்தோடு சேர்ந்து நிறத்தை வெளுக்கச் செய்துவிடும். செம்பருத்திச் சாறு மங்கலாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். சங்குப்பூவில் இருக்கும் டெர்னட்டின் என்ற நிறமிகளுக்கோ நீண்ட பக்கக் கிளைகள் உண்டு. அவை நடு வளையத்தின் மேலும் கீழும் மடிந்து படிந்து, நீரை அண்டவிடாமல் தடுக்கின்றன. அதனால்தான் வெறும் தண்ணீரிலும் அந்த நீலம் நிலைத்து நிற்கிறது. எலுமிச்சை பட்டால் ஊதாவாகிறது. வெள்ளைச் சங்குப்பூவில் இந்த நிறமி இல்லை. அதை எவ்வளவு ஊறவைத்தாலும் நீர் நீலமாகாது.

தாய்லாந்தில் இந்த நீலச் சாற்றில் தேனும் எலுமிச்சையும் கலந்து விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். மலேசியாவில் இதே நீரில் சோறு வடித்து ‘நாசி கெராபு’ செய்கிறார்கள். உண்மையில் பூவுக்கென்று பெரிய சுவை கிடையாது. லேசான பச்சை வாசனை மட்டுமே. இஞ்சியோ புதினாவோ சேர்த்தால்தான் குடிக்க நன்றாக இருக்கும்.

தண்ணீரும் முக்கியம். பைகார்பனேட் அதிகமுள்ள போர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கரியமில வாயு வெளியேறி அதன் காரத்தன்மை கூடும். அதில் செம்பருத்தியைப் போட்டால் நிறம் அழுக்குப் பச்சைக்குச் சாயலாம். குடிநீர்க் கேனிலிருந்து எடுத்த தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு. எலுமிச்சையைக் குடிக்கும் நேரத்தில் பிழிவதே நல்லது. அமிலம் நிறத்தைத் தூக்கிக் காட்டினாலும், எலுமிச்சையிலுள்ள வைட்டமின் சி நாள்பட ஆந்தோசயனினைச் சிதைக்கும். வெயிலும் சூடும் அதைவிட வேகமாகச் சிதைக்கும்.

சர்க்கரை நோய் போகும், முடி வளரும் என்றெல்லாம் இந்தப் பானங்களை விற்பவர்களை நம்பத் தேவையில்லை. குடித்த ஆந்தோசயனினில் சிறு பங்குதான் அப்படியே ரத்தத்தில் சேர்கிறது. சங்குப்பூவில் சைக்ளோடைடு என்ற சிறு புரதங்கள் இருப்பதைச் சுட்டிக்காட்டி, உலர்ந்த பூவை உணவாக விற்பதற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் ஆட்சேபம் தெரிவித்தது. அமெரிக்காவோ 2021-லேயே அதன் சாற்றை உணவு நிறமாக அனுமதித்துவிட்டது. எப்போதாவது ஒரு குவளை குடிப்பதற்குப் பயப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் கர்ப்பிணிகள் தவிர்க்கட்டும். சங்குப்பூச் செடியின் விதையும் வேரும் பேதி மருந்து; அவற்றைப் பானத்தில் சேர்க்கவே கூடாது.

அழகாக இருக்கிறதென்று எந்தப் பூவையும் கோப்பையில் போட்டுவிட முடியாது. அரளியில் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு இருக்கிறது. ஊமத்தையும் அப்படியே ஆபத்து. ரோஜா உண்ணக்கூடியதுதான் என்றாலும், பூக்கடையில் வாங்கும் ரோஜா மாலைக்காக வளர்த்தது; பூச்சிமருந்து எவ்வளவு தெளித்திருப்பார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாது. வேலியோரம் மருந்து படாமல் வளர்ந்த சங்குப்பூ ஐந்தாறு இருந்தால் ஒரு குவளைக்குப் போதும்.