வழுக்கும் கிளட்ச்



கோவைப் பகுதியில் மோட்டார் சைக்கிள் என்றதும் முதியோர்க்கு ஜி. டி. நாயுடு அவர்களின் நினைவு வரும். கலங்கலில் 1893-இல் பிறந்த அவர், இளமையில் ரட்ஜ் வண்டியொன்றை வாங்கி, அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பூட்டியே யந்திர அறிவு பெற்றார். நானும் கழற்றித்தான் கற்றேன். ஆனால் முதலில் விலை கொடுத்த பிறகு.

என்னிடம் பழைய புல்லட் ஒன்று உண்டு. 1955-இல் சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் செய்த 350 சி.சி. வண்டி அது. ஒருமுறை ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்குப் புறப்பட்டேன். வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். சில வளைவுகள் கடந்ததும் எஞ்சின் அலறிற்று. வண்டியோ ஏற மறுத்தது. தீய்ந்த வாடை வேறு. பின்னால் ஒரு பேருந்து. ஓரமாகத் தள்ளி நிறுத்துவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

பட்டறையில் தகடுகளை மாற்றினார்கள். ஒரு மாதத்தில் மீண்டும் அதே கதை! காரணம் அறிய, கிளட்ச் வேலை செய்யும் விதத்தைச் சற்றுப் பார்ப்போம்.

எஞ்சின் சங்கிலியால் ஓர் உருளையைச் சுழற்றுகிறது. உராய்வுப் பூச்சுள்ள தகடுகள் அவ்வுருளையோடு சுழல்வன. இடையிடையே உள்ள எஃகுத் தகடுகள் கியர் பெட்டியின் தண்டோடு சுழல்வன. ஸ்பிரிங்குகள் இவையனைத்தையும் நெருக்கிப் பிடிக்கின்றன. கைப்பிடியை இழுத்தால், உள்ளீடற்ற அத்தண்டின் வழியே செல்லும் கம்பியொன்று அழுத்தத் தகட்டை வெளியே தள்ளும், பிடி தளரும்.

இங்கேதான் சூட்சுமம். தகடுகள் தேயத் தேய அடுக்கு மெலிகிறது. அழுத்தத் தகடு உள்ளே நகர்ந்து கம்பியை நெருங்குகிறது. ஆகவே கைப்பிடியில் சுமார் 2 அல்லது 3 மில்லிமீட்டர் வெற்றாட்டம் இருந்தே தீரவேண்டும். இல்லையேல் நாம் தொடாதபோதும் கம்பி தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கைப்பிடி ஆடுகிறதே என்று கேபிளை முறுக்கி வைத்தவன் நானே! புதுத் தகடு போட்டவரும் அவ்வாறே முறுக்கித் தந்தார். கேபிளைத் தளர்த்தினேன், செலவு ஒன்றுமில்லை.

அதன் பின்னும் வழுக்கினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். வழுவழுப்பூட்டும் மருந்து கலந்த எண்ணெயை ஊற்றியிருக்கலாம். தகடுகளைக் கடைசியில் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான நோய், கைப்பிடியை இழுத்தும் வண்டி ஊர்வது. கியர் கரகரக்கும், நியூட்ரல் அகப்படாது. வெற்றாட்டம் மிகுதியாயிருத்தல், தகடு கோணியிருத்தல், ஸ்பிரிங்குகள் சமமாக அழுத்தாமை இவற்றிலொன்று காரணமாகும். உருளையின் காடிகளில் தகட்டின் பற்கள் பள்ளம் பறித்திருந்தால், அரத்தால் மெல்லச் சமன்செய்தல் வேண்டும்.

மார்கழிக் காலையில் மட்டும் இந்நோய் தோன்றினால் அஞ்சவேண்டா. குளிரில் எண்ணெய் தடித்துத் தகடுகளை ஒட்டிவிடுகிறது. நியூட்ரலில் வைத்து, கைப்பிடியை இறுகப் பிடித்தபடி கிக்கரை இரண்டு மூன்று முறை மிதியுங்கள். எஞ்சின் அசையாமல் தகடுகள் மட்டும் பிரிவதைக் காலே உணரும்.