கத்தி வைத்தது வயிற்றில், சளி கட்டுவது நெஞ்சில்

குடல் ஓட்டையானதாலோ அடைபட்டதாலோ அவசர அறுவை செய்துகொண்டவர்களில் பலர், வயிறு தேறிவரும் நேரத்தில் நிமோனியாவில் மாட்டிக்கொள்கிறார்கள். கிருமியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மயக்க மருந்து கொடுத்த சில நிமிடங்களிலேயே நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கத் தொடங்கும். மேல்வயிற்றுக் காயம் உதரவிதானத்தின் அசைவைச் சில நாட்களுக்குக் குறைத்துவிடும். வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாக மூச்சுவிட்டு இருமலை அடக்க, சளி தேங்கும். இவை திட்டமிட்ட அறுவையிலும் நடப்பவைதான். அவசர அறுவையிலோ உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும். இரைப்பையில் இருப்பது மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். சிகரெட்டை நிறுத்தவும் அவகாசம் இருக்காது.

இதற்குக் கருவியைத் தேடுவது இயல்பு. ஆனால் மூன்று பந்துகள் கொண்ட உறிஞ்சு கருவியால் மேல்வயிற்று அறுவைக்குப் பின் பயன் உண்டு என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றது 2014-இன் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. அறுவை முடிந்ததும் முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்த, சுமார் 4,800 பேர் பங்கேற்ற பிரிஸம் ஆய்வும் (2021) பலன் காணவில்லை. பலன் வந்தது எளிய இடத்திலிருந்து. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 441 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், அறுவைக்கு முன் பிசியோதெரபிஸ்ட் அரை மணி நேரம் விளக்கியவர்களில் 12 சதவீதத்தினருக்கே நுரையீரல் சிக்கல் வந்தது. கையேடு மட்டும் பெற்றவர்களில் 27. கண் விழித்ததுமே ஆழ்ந்து மூச்சிழுக்கத் தொடங்க வேண்டும் என்பதும், அது ஏன் என்பதும்தான் அந்த அரை மணியின் பாடம்.

அது திட்டமிட்ட அறுவை அல்லவா, வலியில் துடிப்பவருக்கு எங்கே வகுப்பெடுப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அந்த எண்களை அவசர அறுவைக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. ஆனால் முன்கூட்டிச் சொல்லித்தர முடியாதவருக்கு, பின்னர் பக்கத்தில் ஆள் நின்று செய்யவைக்கும் தேவை கூடத்தானே செய்யும்? "எழுந்து நடந்தால் தையல் பிரிந்துவிடும்" என்பது உறவினர்களின் பயம். உண்மையில், அடங்காத இருமல்தான் தையலுக்குப் பகை. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமினால் காயத்துக்குத் தாங்கல் கிடைக்கும். ரத்த அழுத்தம் நிலைப்படாதவரை நடக்கவைக்க முடியாதுதான்; மற்றவரை முதல் நாளே உட்காரவைக்கலாம். அதற்கு வலி அடங்கியிருக்க வேண்டும். வலி மருந்தில் கஞ்சம் பிடிப்பது நுரையீரலுக்குச் செய்யும் கெடுதல். அவசர அறுவை சனிக்கிழமை நள்ளிரவிலும் நடக்கும். பிசியோதெரபிஸ்ட் திங்கட்கிழமைதான் வருவார் என்றால், சளி கட்டும் முதல் நாள் முழுவதும் நோயாளி மல்லாந்தே கிடப்பார்.