செல்ஃப் எடுக்கிறது, வண்டி பிடிக்கவில்லை

சென்ற ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில், விடியற்காலை நாலரை மணிக்கு, எங்கள் எதிர் வீட்டு வாசலில் ஒரு கார் கிளம்ப மறுத்தது. காஞ்சிபுரத்துக் கல்யாணத்துக்குப் போகவேண்டியவர்கள் பட்டும் பூச்சரமும் சீர்த் தட்டுகளுமாக உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரர் சாவியைத் திருப்புவதும், யந்திரம் சிறிது நேரம் சுழன்று மௌனமாவதும், மறுபடி அவர் திருப்புவதுமாக எழுந்த ஓசை தெருவையே எழுப்பிவிட்டது. பால் வாங்கப் புறப்பட்டவரும் கோலம் போட வந்தவரும் நடைப் பயிற்சிக்காரர்களும் நின்று கேட்டு, ஏகமனதாக வழங்கிய தீர்ப்பு, “பேட்டரி போயிடுச்சு” என்பதே.

கார் கிளம்பாத இடத்திலெல்லாம் முதற் குற்றவாளியாக நிறுத்தப்படுவது பேட்டரிதான். ஆனால் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரத்தை விழுங்கும் செல்ஃப் மோட்டார் சுறுசுறுப்பாகச் சுழன்று எஞ்சினையும் சுழற்றுகிறது என்றால், அந்த மின்சாரத்தை அளித்த பேட்டரியின்மேல் பழி போடுவது எப்படிப் பொருந்தும்? செல்ஃப் எடுக்காமல் ‘டக் டக்’ என்று மட்டும் கேட்பது ஒரு வியாதி. செல்ஃப் எடுத்தும் எஞ்சின் பிடிக்காதிருப்பது முற்றிலும் வேறொரு வியாதி. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிப் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டு, அதற்குப் பிறகும் தள்ளுவண்டியாகவே காரைப் பட்டறைக்குக் கொண்டு சென்றவர்களை நான் அறிவேன்.

இதில் ஒரு வேடிக்கையான சரித்திரமும் உண்டு. முன்காலத்தில் காரின் மூக்கில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் எஞ்சினை எழுப்பினார்கள். சுற்றுகிறவரின் மணிக்கட்டை அது திருப்பி அடித்து முறிப்பதும் சகஜமாக இருந்தது. அமெரிக்காவில் டேட்டன் நகரத்தில் 1909இல் தொடங்கப்பட்ட ஒரு பரிசோதனைச் சாலையில், சார்ல்ஸ் கெட்டரிங் என்பவர், பேட்டரியைக் கொண்டு தீப்பொறி எழுப்பும் ஏற்பாட்டை முதலில் காடிலாக் கார்களுக்கு அமைத்துக் கொடுத்து, பின்னர் 1912ஆம் வருஷத்துக் காடிலாக்கில் கைப்பிடிக்குப் பதிலாகச் செல்ஃப் மோட்டாரையும் பொருத்தினார். அந்தச் சாலையின் சுருக்கப் பெயர் டெல்கோ. நம் ஊர் மெக்கானிக்குகள் பழைய கார்களில் தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை இன்றும் ‘டெல்கோ’ என்றே அழைக்கிறார்கள். செல்ஃப் எடுத்தும் வண்டி பிடிக்காத காலைகள் பலவற்றில், அம்மனிதர் செய்த ஒன்று உழைத்துக்கொண்டிருக்கிறது, மற்றொன்று உறங்குகிறது.

பெட்ரோல் எஞ்சின் உயிர்பெற வேண்டுமானால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு எடை காற்று கலந்து, அந்தக் கலவை நன்றாக நெருக்கப்பட்டு, நெருக்கம் உச்சமடையும் தறுவாயில் பன்னிரண்டு வோல்ட்டிலிருந்து இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலாக ஏற்றப்பட்ட மின்சாரம் பிளக்கின் முனையில் பொறியாகப் பாய வேண்டும். இவற்றில் காற்று அநேகமாக நம்மைக் கைவிடுவதில்லை. ஆகையால்தான் அநுபவமுள்ள மெக்கானிக், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே, “கரண்ட் வருதா, பெட்ரோல் வருதா?” என்று கேட்கிறார். நூறு காரணங்கள் அடங்கிய ஒரு பெரும் கானகம் அந்தக் கேள்வியால் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

பெட்ரோல் வருகிறதா என்பதை அறிவதற்குக் கருவி வேண்டாம், காது போதும். இக்காலத்துக் கார்களில் பம்பு பெட்ரோல் டாங்கிக்குள்ளேயே இருப்பதால், சாவியைச் செல்ஃப் வரை கொண்டுபோகாமல் அதற்கு முந்தின நிலையில் நிறுத்தினால், பின் இருக்கையின் பக்கமிருந்து இரண்டு விநாடி நேரம் மெல்லிய ரீங்காரம் கேட்கும். கேட்கவில்லையானால் ஃப்யூஸையும் ரிலேயையும் சந்தேகிக்கலாம். ஒரே மாதிரியான ரிலே ஹாரனுக்கும் இருக்குமானால், அதைக் கழற்றி இங்கே மாற்றிப் பார்ப்பது காசில்லாத பரீட்சை. கரண்ட்டைப் பற்றிய விஷயமோ வேறு. பிளக்கைக் கழற்றி இரும்பில் தொட்டுவைத்துப் பொறி பார்க்கும் பழைய வழக்கம், இப்போதைய உயர் அழுத்த காயில்களுக்கு ஏற்றதல்ல. கையும் சுடும், காரின் கம்ப்யூட்டரும் கெடும். அதற்கு மாறாக, செல்ஃப் சுழலும்போது டாஷ்போர்டில் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் சற்றேனும் அசைகிறதா என்று பாருங்கள். அசையவே இல்லையானால், பல கார்களில், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்கு அறிவிக்கும் கிராங்க் சென்ஸார் ஊமையாகிவிட்டது என்று சந்தேகிக்க இடமுண்டு. அந்தச் செய்தி வராதவரையில் கம்ப்யூட்டர் பொறியையும் அனுப்பாது, பெட்ரோலையும் தெளிக்காது.

இந்தச் சென்ஸார் சூட்டில் மயங்கி, ஆறியதும் தெளிவது உண்டு. பல வருஷங்களுக்கு முன், சித்திரை மாதத்து நடுப்பகலில், மேலூரைத் தாண்டி நின்றுபோன எங்கள் பழைய காரும் அப்படித்தான் நடந்துகொண்டது; ஆனால் அதற்குச் சென்ஸார் ஏது? எஞ்சினை ஒட்டியிருந்த பம்பில் பெட்ரோல் உஷ்ணத்தால் ஆவியாகி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. சாலையோரப் பட்டறையிலிருந்து வந்த முதியவர், பம்பின்மேல் நனைத்த சாக்குத் துண்டைச் சுற்றிவிட்டு, “ஒரு டீ சாப்பிட்டு வாங்க தம்பி, அதுவும் கொஞ்சம் இளைப்பாறட்டும்” என்று சொல்லிவிட்டுத் தம் வேலைக்குத் திரும்பினார். டீ தீர்வதற்குள் வண்டி பிடித்துக்கொண்டது. அவர் காசு வாங்க மறுத்ததை இங்கே குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை.

ஓசையில் கவனிக்கவேண்டிய மற்றொன்று உண்டு. ஆரோக்கியமான எஞ்சின் சுழலும்போது, நெருக்கத்தின் எதிர்ப்பால் ஏற்றமும் இறக்கமுமாக ஒரு தாளம் கேட்கும். அந்தத் தாளம் மறைந்து, வழக்கத்தைவிட வேகமாகவும் இலேசாகவும் ஒரே சுருதியில் சுழலுமானால், டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அந்த க்ஷணத்திலேயே சாவியிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வுகளின்மேல் மோதி அவற்றை வளைத்துவிடும்.

மற்றச் சமயங்களிலும் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிப்பதும், இடையில் அரை நிமிஷமாவது ஓய்வு கொடாமலிருப்பதும் மோட்டாருக்கு ஆகாது. பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைத்தால் பிளக்குகள் நனைந்துவிட்டன என்று பொருள்; ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு ஒரு முறை சுழற்றினால், பெரும்பாலான இக்காலத்துக் கார்கள் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே இழுத்து உலர்த்திக்கொள்ளும். ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன்: பேட்டரியை நான் முழுவதும் விடுதலை செய்துவிடவில்லை. சுழற்றும் போது அதன் அழுத்தம் பத்து வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், மோட்டார் தள்ளாடிச் சுற்றினாலும் கம்ப்யூட்டர் மயங்கிவிடக்கூடும்.

எதிர் வீட்டுக் காருக்கு வருகிறேன். பம்பு பாடிற்று, முள்ளும் அசைந்தது, தாளமும் பிசகவில்லை. ஆனால் டாஷ்போர்டின் மூலையில், சாவி உருவம் பொறித்த ஒரு சிறு விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

“இந்தச் சாவி எது?” என்று கேட்டேன்.

“டூப்ளிகேட் சார். போன வாரம்தான் கடைத்தெருவுல வெட்டினேன். கதவெல்லாம் நல்லா திறக்குதே!”

கதவு திறக்கும், செல்ஃபும் எடுக்கும். திருட்டைத் தடுப்பதற்காக மூலச் சாவியின் தலைக்குள் பதித்திருக்கும் சிறு சில்லு இதில் இல்லாதபடியால், அந்நியன் கையில் அகப்பட்டதாகக் கருதி எஞ்சின் பிடிக்க மறுத்துக்கொண்டிருந்தது. அவர் விழித்துக்கொண்டு நிற்கையில், பின் இருக்கையிலிருந்து அவர் மனைவி, “ஏங்க, பழைய சாவி பூஜை அலமாரியிலதான் இருக்கு, நேத்தே சொன்னேனே” என்றார்.

ஐந்து மணி அடிப்பதற்குள் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது. பேட்டரி என்று தீர்ப்பளித்த பால் வாங்க வந்தவர் மட்டும், அதையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.