அக்கரை விட்டு வந்தவர்கள்

ஆவணித் திருவிழாக் காலத்தில் முன்னேஸ்வரத்துத் தேர் வீதியில் சற்றே நின்று செவிகொடுத்தால், தமிழும் சிங்களமும் ஒன்றையொன்று தள்ளாமல் கலந்து நடமாடுவதைக் கேட்கலாம். 1578இல் போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய கோயில் இது. கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், 1753இல், மீண்டும் குடமுழுக்குக் கண்டது. முன்னைநாதரையும் வடிவாம்பிகையையும் தொழ வருவோரில் சிங்களப் பௌத்தர்கள் பெருந்தொகையினர். அந்தக் கூட்டத்தினிடையே, கடலிரைச்சலுக்கு மேலாகப் பேசிப் பழகிய உரத்த குரலில் தமிழ் கேட்குமாயின், அவர்கள் உடப்பு மக்களாக இருக்கலாம்.

சிலாபத்திலிருந்து புத்தளம் வீதியில் வடக்கே சென்று, பத்துளுஓயாவில் கடற்பக்கமாகத் திரும்பினால் உடப்பு வரும். ஒருபுறம் கடல்; மறுபுறம் களப்பு; இடையே மணல். இராமேசுவரத்தை அடுத்த இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறி வந்தவர்கள் தம் முன்னோர் என்று ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். நெல் விளையாத மணலில் அவர்கள் கண்ட வயல் கடல்தான். கரைவலையை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடும் அம்பாப் பாடல்கள் ஈழத்து நாட்டார் இலக்கியத்தில் தனியிடம் பெற்றவை. பாட்டு நின்றால் கைகளின் ஒற்றுமை குலையும், வலையும் நின்றுவிடும். ஆடி மாதத்தில் திரௌபதியம்மன் கோயிலில் 18 நாள் விழா. பாரதக் கதை நிகழ்ச்சிகள் ஊர் நடுவே உயிர்பெற, முடிவில் தீமிதிப்பு நிகழ்கிறது.

தெய்வத்தையும் தொழிலையும் மொழியையும் ஒரே தோணியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களைப் பற்றி எண்ணும்போது, அமெரிக்காவின் கான்சாஸ் சமவெளியில் குடியேறிய மென்னோனைட்டுகள் நம் நினைவுக்கு வருகின்றனர். 16ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் வாழ்ந்த மென்னோ சைமன்ஸின் பெயரால் அழைக்கப்படும் கிறிஸ்தவப் பிரிவினர் அவர்கள். ஆயுதம் ஏந்துவதில்லை, சத்தியம் செய்வதில்லை என்பது அவர்கள் விரதம். அந்த விரதத்துக்காகவே நாடு விட்டு நாடு பெயர்ந்து, ருஷ்யப் பேரரசி கத்தரீனின் அழைப்பின்பேரில் அந்நாட்டுப் புல்வெளிகளை உழுது வாழ்ந்தனர். 1874இல் கட்டாயப் படைச் சேவைச் சட்டம் வந்தது. அலெக்சாண்டர்வோல் என்னும் கிராமம் ஏறக்குறைய முழுவதுமாக, ஜேக்கப் புல்லர் என்ற மூப்பரின் தலைமையில், கப்பலேறிவிட்டது!

சாந்தா பே ரயில் கம்பெனியிடம் நிலம் வாங்கினார்கள். அந்தக் கோடையில்தான் வெட்டுக்கிளிகள் கான்சாஸ் விளைச்சலைத் தின்று தீர்த்திருந்தன. விறகுக்கு மரமில்லை; புல்லையும் வைக்கோலையும் எரிக்கும் பெரிய செங்கல் அடுப்புகளைக் கட்டிக் குளிரைக் கழித்தனர். அவர்கள் கொண்டுசென்ற ‘துருக்கிச் செங்கோதுமை’ பின்னாளில் அம்மாநிலத்தின் செல்வமாயிற்று. இதை வியந்து பாராட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அந்தச் சமவெளி ஆளில்லா வெளி அன்று. கான்சாஸுக்குத் தம் பெயரையே தந்த கான்சா மக்கள், அதற்கு முந்திய 1873ஆம் ஆண்டில்தான் அங்கிருந்து வெளியேற்றப்பட்டிருந்தனர். ஒருவர் குடியேற்றம் மற்றொருவர் குடிபெயர்ப்பாக இருந்தது.

மனச்சாட்சிக்காகக் கடல் கடந்தவர்களை அந்தச் சோதனை அங்கும் விடவில்லை. 1917இல் அமெரிக்கா ஜெர்மனிமீது போர் தொடுத்ததும், ஜெர்மன் மொழியில் செபிப்பதே குற்றமாகப் பார்க்கப்பட்டது. கான்சாஸில் அவர்களுடைய தேவாலயங்களிலும் வீடுகளிலும் மஞ்சள் வர்ணம் பூசி இழிவுபடுத்தினர். சீருடை தரிக்க மறுத்த இளைஞர் சிலர் இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு, அதே கான்சாஸிலுள்ள லெவன்வர்த் கோட்டைச் சிறையில் அடைபட்டனர். பாட்டனுக்குப் புகலிடம் தந்த மாநிலத்தில் பேரனுக்குச் சிறை! காலப்போக்கில் பள்ளியும் தேவாலயமும் ஆங்கிலத்துக்கு மாறின. சமயம் நிலைத்தது, வீட்டுமொழி முதியோரோடு தேய்ந்தது.

இதைப் படித்து வியக்க நாம் கான்சாஸ் வரை போகவேண்டியதில்லை. சிலாபத்துக்குத் தெற்கே நீர்கொழும்பு வரையுள்ள கரையூர்களில் ஒரு காலத்தில் கடற்றொழிலாளர் இல்லங்களில் தமிழ் பெருவழக்காக இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூடத்தின் மொழி சிங்களமாக மாறியது. கத்தோலிக்க சமயம் அசையாமல் நிற்க, பல ஊர்களில் பாட்டி பேசிய தமிழ் பேரனுக்கு விளங்காமற் போயிற்று. எவரும் வாளெடுத்து அதனைப் பறிக்கவில்லை. கரும்பலகையின் எழுத்து மாறிற்று, அவ்வளவே.

உடப்பில் அந்த மாற்றம் நிகழவில்லை. திரௌபதியம்மன் கோயில் காரணம் என்பர் சிலர். கோயிலோடு, உடப்புத் தமிழ் மகா வித்தியாலயத்தையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது நம் எண்ணம். சுற்றிலும் சிங்களம் வழங்கும் ஊர்களுக்கு நடுவே, காலையில் அப்பள்ளியின் மணி அடிக்கும்போது பிள்ளைகள் ‘அ’னா எழுதத் தொடங்குகிறார்கள், அதே வேளையில் கரையில் தந்தையர் வலைக் கயிற்றைப் பற்றிக்கொண்டு அம்பா பாடுகிறார்கள்.