புகையும் நெருப்பும்: கிளம்பாத டிராக்டரில் ஓர் ஏது ஆராய்ச்சி

கெடா மாநிலத்தில் கூலிம் முதல் பாலிங் வரையுள்ள தோட்டப்புறங்களில் பழைய டிராக்டர்களுக்குக் குறைவில்லை. ரப்பர் மரங்கள் குறைந்து செம்பனை பெருகிய பின்னர், வெட்டிய குலைகளைத் தோட்டத்துக்குள்ளிருந்து இழுத்து வருவது இவற்றின் தலையாய வேலையாயிற்று. மாசி பெர்குசன் 135 என்னும் வகை வெளிவந்தது 1964 ஆம் ஆண்டில். அறுபது ஆண்டு கடந்தும் அவ்வகை வண்டிகள் இன்னும் உழைத்து வருகின்றன. ஆயினும் ஏதேனும் ஒரு காலையில் சாவியைத் திருகினால் வண்டி கிளம்புவதில்லை. அப்போது நடப்பதென்ன? ஒருவர் பேட்டரி போய்விட்டது என்பார். மற்றொருவர் பம்பைக் கழற்றச் சொல்வார். மூன்றாமவர் வண்டியைப் பழைய இரும்புக்கே போட்டுவிடலாம் என்பார். மூவரும் வண்டியை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

குலையோ காத்திருக்காது. வெட்டிய 24 மணி நேரத்திற்குள் ஆலைக்குச் சேராவிட்டால் பழத்தில் கொழுப்பமிலம் ஏறுகிறது. எண்ணெயின் தரம் இறங்குகிறது. சிறுதோட்டக்காரர் கைக்கு வரும் பணமும் குறைகிறது. வேண்டாத பம்பைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினால் செலவு ஒருபுறம், வீணாகும் நாட்கள் மறுபுறம்.

நோயின் முதலைத் தேடுக என்று சொல்ல வரும்போது குறளின் மருந்து அதிகாரத்தை எடுத்துக் காட்டுவது நம்மவர் வழக்கம். தேடவேண்டும் என்பதை அது சொல்லும். எப்படித் தேடுவது, தேடும்போது அறிவு எங்கே வழுக்கி விழும் என்பதை விரித்துரைப்பது மணிமேகலையின் 29 ஆம் காதை. அங்கே அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் உணர்த்துகிறார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நாம் அறிந்ததே. மலையில் புகை காணப்படுகிறது. ஆதலின் அங்கே நெருப்பு உண்டு. அடுக்களையில் கண்டது போல. இவற்றுள் முதலில் நிறுவ வேண்டியது பக்கம், புகை ஏது, அடுக்களை திட்டாந்தம். இந்தப் புகையே நமது டிராக்டருக்கும் திறவுகோல். அதைக் காணுமுன் பொறியின் உள்ளே நெருப்புப் பிறக்கும் விதத்தை அறிதல் வேண்டும்.

டீசல் பொறியில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கினால் சூடு பிறக்கும் என்ற ஒரே உண்மையின்மேல் அது நிற்கிறது. தென்கிழக்காசிய மக்கள் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். மரத்திலோ கொம்பிலோ குடைந்த சிறு குழலுக்குள் தண்டு ஒன்றை ஓங்கி இறக்கினால், அதன் நுனியிலுள்ள பஞ்சு பற்றிக்கொள்ளும். ருடோல்ப் டீசல் 1897 இல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய பொறியும் இந்த உண்மையையே கொண்டது. மாசி பெர்குசன் 135 இல் உள்ள மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் பொறி, காற்றை ஏறத்தாழ பதினெட்டில் ஒரு பங்காக நெருக்குகிறது. அக்காற்று 500 பாகை செல்சியசுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அதற்குள் டீசல் பனித்துளி போலப் பீச்சப்பட்டால் தானே எரிகிறது. ஆகவே பொறிக்கு வேண்டியவை மூன்றே: போதிய வேகத்தில் சுழற்சி, கசியாமல் நெருங்கும் காற்று, உரிய நேரத்தில் வந்து சேரும் எண்ணெய்.

முதல் கேள்வியைக் காதால் கேட்க வேண்டும். சாவியைத் திருகும்போது பொறி சுழல்கிறதா? சுழலவில்லை என்றால் முன்விளக்குகளை எரியவிட்டு மறுபடி திருகுக. விளக்கொளி செத்து மங்கினால், பேட்டரி தளர்ந்தது, அல்லது அதன் முனைகளில் வெண்பூஞ்சை போன்ற உப்புப் படிந்து மின்சாரம் தடைப்படுகிறது, அல்லது பொறியே இறுகிக் கிடக்கிறது. விளக்கு மங்காமல் முன்போலவே எரிந்தால் மின்சாரம் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போகவே இல்லை. குற்றம் சாவியிலோ, சுவிட்சிலோ, கம்பியிலோ இருக்கிறது. ஒரு விளக்கு இரண்டு வழிகளைப் பிரித்துத் தந்துவிடுகிறது பாருங்கள்! நன்கு மின்னேறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். சுழற்றும்போது ஒன்பதரைக்குக் கீழே விழலாகாது. பேட்டரியை மாற்றுமுன் முனைகளைச் சுரண்டித் துடைத்து, வண்டிச் சட்டத்தோடு சேரும் நிலக்கம்பியை இறுக்கிப் பார்த்தல் காசில்லா வைத்தியம்.

இந்த வகையில் மற்றொன்றும் உண்டு. உயர்வேகம், தாழ்வேகம் மாற்றும் கம்பு நடுநிலையில் நின்றால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். 1946 முதல் 1956 வரை கோவெண்ட்ரியில் செய்யப்பெற்ற பழைய பெர்குசன் டி.ஈ. 20 வண்டியில் கியர் கம்பையே ஒரு தனி இடத்துக்குத் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். கியரில் இருக்கும் வண்டி கிளம்பிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். அந்தப் பாதுகாப்பு சுவிட்ச் பழுதானதும் சிலர் கீழே நின்றபடி, திருப்புளியை ஸ்டார்ட்டர் முனைகளில் குறுக்கே வைத்துக் கிளப்புகின்றனர். கியரில் இருந்த வண்டி பாய்ந்தால் பின்சக்கரம் ஏறுவது நிற்பவர்மேல்தான். இவ்வாறு உயிரிழந்தோர் பல நாடுகளிலும் உண்டு. இதைக் கெட்டிக்காரத்தனம் என்று இளைஞருக்குக் கற்றுக் கொடுப்போரை என்னால் மன்னிக்க இயலவில்லை.

பொறி நன்றாகச் சுழல்கிறது; ஆனால் பற்றவில்லை. இப்போதுதான் கண்ணுக்கு வேலை. ஒருவர் சாவியைத் திருக, மற்றொருவர் எட்டி நின்று புகைக்குழாயைப் பார்க்க வேண்டும்.

குழாயிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்றால் எண்ணெய் சிலிண்டரை எட்டவில்லை என்பது பெரும்பாலும் துணிபு. வெண்மையாக ஏதோ வருகிறது என்றால்? புகை உண்டு, ஆதலின் நெருப்பு உண்டு என்று அவசரப்படுவோர் இங்கே சறுக்குவர். எரியாத டீசலும் ஆவியாகி வெண்மையாகவே வெளிவரும். இந்த இடத்தை எண்ணிப் பார்த்ததுபோல அறவண அடிகள் ஏதுவின் குற்றங்களுள் சித்தாசித்தம் என்று ஒன்றைச் சொல்கிறார். தோன்றுவது ஆவியோ பனியோ என்ற ஐயம் தீராமலேயே, அதைப் புகையென்று கொண்டு நெருப்பை நிறுவுவது அக்குற்றம். ஏதுவே ஐயத்துக்குரியதானால் அதன்மேல் கட்டிய முடிவு நிற்குமா? ஆகவே வெண்மையைக் கண்டால் அது எது என்பதை முதலில் தெளிய வேண்டும். டீசல் ஆவி கண்ணைக் கரிக்கும், மணம் வீசும். குழாயருகே சற்று நேரம் அட்டை ஒன்றைப் பிடித்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். நீராவிக்கு அந்த மணம் இல்லை; அட்டையில் தெளிந்த துளிகளே நிற்கும். காலையில் சிறிது நீராவி வருவது இயல்பு. தொடர்ந்து வந்து, ரேடியேட்டரில் நீரும் குறைந்திருந்தால் தலைப்பகுதியின் கேஸ்கட் உடைந்து சிலிண்டருக்குள் நீர் இறங்குகிறது என்று ஐயுற வேண்டும். அந்நிலையில் மேலும் சுழற்றினால் நெருங்காத நீர் உள்ளே உள்ள தண்டை வளைத்துவிடும். உடனே நிறுத்துக.

புகையே இல்லாத வண்டிக்குத் திரும்புவோம். வண்டியை நிறுத்தும் குமிழ் இழுத்த நிலையிலேயே நின்றுவிட்டதா? சிரிக்க வேண்டாம், எண்ணெய் அடைபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர் தொட்டியிலிருந்து எண்ணெய் போகும் வழியே நாமும் நடக்க வேண்டும். தொட்டி மூடியிலுள்ள சிறு காற்றுத்துளையைக் குளவி மண் வைத்து அடைத்துவிடுவதும் உண்டு. அடியிலுள்ள குழாய் திறந்திருக்கிறதா? கண்ணாடிக் கிண்ணத்தில் நீரும் வண்டலும் தேங்கியுள்ளனவா? வடிகட்டியை மாற்றி எத்தனை காலமாயிற்று? இங்கே நம் நாட்டுக்கே உரிய செய்தி ஒன்று. 2019 முதல் போக்குவரத்துக்கான டீசலில் 10 சதவீதம் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலக்கப்படுகிறது. அது பழைய தொட்டியில் படிந்த பிசினைக் கரைத்து வடிகட்டிக்குக் கொண்டுவரும், நீரை ஈர்க்கும், இயற்கை ரப்பர்க் குழாய்களையும் மெல்லக் கெடுக்கும். நம் தோட்டத்துப் பழமே நம் வண்டியின் வடிகட்டியை அடைக்கிறது எனலாம். மாலையில் தொட்டியை நிரப்பி வைத்தால் இரவில் உள்ளே நீர் வியர்ப்பது குறையும்.

வழியில் எங்கேனும் காற்றுப் புகுந்தால் எண்ணெய் நகராது. காற்று நெருங்கும், எண்ணெய் நெருங்காது; குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் பம்பின் உந்துதலை அதுவே விழுங்கிவிடும். ஆதலால் வடிகட்டியின் மேல் திருகு, பம்பின் உடலிலுள்ள திருகுகள், கடைசியாகச் சிலிண்டர்களின் தலையில் சேரும் குழாய் நட்டுகள் என்ற வரிசையில் தளர்த்தி, குமிழின்றி எண்ணெய் வரும்வரை கைநெம்பால் அடித்துக் காற்றை எடுக்க வேண்டும். நெம்பு தளர்ந்து அடிபடாதிருந்தால் பொறியைச் சிறிது சுழற்றி மறுபடி அடிக்கலாம். கடைசி நட்டுகளை மட்டும் பொறியைச் சுழற்றித்தான் பார்க்க வேண்டும். அவற்றின் எதிரே கையை நீட்டலாகாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். பம்பு வரை எண்ணெய் குமிழின்றி வந்து, நட்டுகளில் ஒன்றும் வராவிட்டால் மட்டுமே பம்பைக் குறைகூற நியாயம் உண்டு.

வெண்மை டீசல் ஆவியே என்று தெளிந்தால் எண்ணெய் வருகிறது, சூடு போதவில்லை. குளிர்நாட்டுக் கையேடுகள் இங்கே குளிரைக் காரணம் காட்டும். கெடாவின் காலைப்பொழுதில் அந்தச் சாக்குச் செல்லாது. சுழற்சி மந்தமா? காற்று வடிகட்டி அடைத்துள்ளதா? வால்வும் பிஸ்டன் வளையமும் தேய்ந்து காற்றுக் கசிகிறதா? சரிவில் உருட்டினால் எளிதில் கிளம்பும் வண்டிக்கு, சுழற்றும் பகுதியே முதலில் ஐயத்துக்குரியது. ஈத்தர் தெளிப்பதைத் தவிர்க்கவும். இவ்வகைப் பொறியின் காற்று வழியில் சூடேறும் கம்பிச் சுருள் உண்டு. அது சிவந்திருக்கும்போது ஈத்தர் படின் வெடிக்கும்.

பட்டறைக்குச் சொல்லி அனுப்பும்போது வண்டி கிளம்பவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சுழல்கிறது, வேகம் குறையவில்லை, புகை இல்லை, வடிகட்டி வரை எண்ணெய் வருகிறது, பம்புக்கு அப்பால் வரவில்லை என்று கண்டதைக் கண்ட வரிசையில் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இந்த ஐந்தையும் எழுதிவிடுவார்கள். அவர்களிடம் எழுதச் சொல்லிப் பார்த்தால், எந்த வரி கண்டது, எந்த வரி கருதியது என்பதையும் பிரிக்கச் சொல்லலாம்.