கோலம் போடாத வாசல்

ஆர்தர் கோனன் டாயில் 1892-இல் எழுதிய ‘சில்வர் பிளேஸ்’ கதையில், ஒரு பந்தயக் குதிரை இரவோடிரவாக லாயத்திலிருந்து காணாமல் போகிறது. லாயத்தில் நாய் உண்டு, அது குரைக்கவில்லை. வந்தவர் நாய்க்குப் பழக்கமானவர் என்று ஷெர்லாக் ஹோம்ஸ் அதிலிருந்து கண்டுகொள்கிறார். இந்தத் துப்பைப் பிடிக்க வாசகருக்குக் குதிரைப் பந்தயமோ இங்கிலாந்தின் டார்ட்மூர் வெளியோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேற்றாளைக் கண்டால் நாய் குரைக்கும் என்று தெரிந்தால் போதும். நாள்தோறும் நடப்பது ஒரு நாள் நடக்கவில்லை. துப்பு அங்கே இருக்கிறது. வழக்கம் தெரியாதவருக்கு அது விடுபட்டதும் தெரியாது. அண்மையில் படித்த மர்ம நாவல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில் எனக்கு உறுதிப்படுவது இதுதான்: நல்ல துப்பறியும் கதை வாசகர் அறிந்த அன்றாட வாழ்வின் மேல் நிற்கிறது. தமிழ்த் துப்பறியும் நாவலோ பெரும்பாலும் அந்த அன்றாடத்தைத் தொடாமலே வளர்ந்துவிட்டது.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நடேச சாஸ்திரி 1894-இல் ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணரை அறிமுகப்படுத்தியபோதே இங்கே இந்த வகை தொடங்கிவிட்டது. ஆனால் அடுத்து வந்த தலைமுறையில் செல்வாக்குப் பெற்றவை தழுவல்கள். ஆரணி குப்புசாமி முதலியார் ரெனால்ட்ஸ் போன்ற ஆங்கில எழுத்தாளர்களின் கதைகளை நமக்குத் தந்தார். பெயர்கள் தமிழாயின, உடை மாறியது. கதையின் பூட்டும் சாவியும் வேறு ஊரில் செய்யப்பட்டவை. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும், ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும் நம் மண்ணின் மனிதர்களாகத் தோன்றினாலும், அவர்கள் வெல்வது மாறுவேடத்தாலும் தீரத்தாலும்தான். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்தபடி உலகம் சுற்றினார். மாத நாவல்கள் வந்தபின் வேகம் இன்னும் கூடியது. ராஜேஷ்குமார் 1,500-க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியிருக்கிறார். அந்த உழைப்பை வணங்கத்தான் வேண்டும். அவர் கதைகளில் கோவையின் தெருக்கள் பெயர் பெயராக வருகின்றன. ஆனால் தெருப் பெயர் வந்ததாலேயே இடம் கதைக்குள் வந்துவிடாது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நாவலில் ஊரின் பெயரை மாற்றிவிட்டுப் படியுங்கள். கடைசி அத்தியாயத்தின் விடை அப்படியே பொருந்தினால், அந்த ஊர் கதையில் இல்லை.

இந்தச் சோதனையில் முழுமையாகத் தேறும் நாவல் ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோ 2005-இல் வெளியிட்ட ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’. இஷிகாமி ஒரு பள்ளிக் கணித ஆசிரியர். பக்கத்து வீட்டுப் பெண் தன்னைத் துன்புறுத்திய முன்னாள் கணவனைக் கொன்றுவிட, அதை மறைக்க இவர் முன்வருகிறார். கொன்றது யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடிவதில்லை. எப்படி மறைத்தார் என்பதே கேள்வி. முதல் அத்தியாயத்தில் இஷிகாமி ஆற்றங்கரை வழியாகப் பள்ளிக்கு நடந்து போகிறார். கரையில் வீடற்ற மனிதர்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய நாளும் கடிகாரம் போலவே ஓடுகிறது. வழியில் ஒரு கடையில் மதியச் சாப்பாடு வாங்கிக்கொள்கிறார். இவ்வளவுதான். வேலைக்குப் போகிற எந்த மனிதரும் நாள்தோறும் பார்க்கும் காட்சி. விடையை இங்கே சொல்லப்போவதில்லை. நாவலை முடித்ததும் அந்த நடைக்குத் திரும்பி வந்து படித்துப் பாருங்கள். எழுத்தாளர் எதையும் ஒளிக்கவில்லை என்பது புரியும். பார்த்துப் பழகியதால் நாம் பார்க்காமல் விட்டோம்.

தமிழில் இது முடியாது என்று சொல்வதற்கில்லை. தேவனின் துப்பறியும் சாம்பு வங்கிக் குமாஸ்தா. அவர் வெற்றியெல்லாம் தற்செயல். ஆனால் சாம்புவைப் படித்துச் சிரித்த 1940-களின் ஆனந்த விகடன் வாசகருக்குத் துப்பறியும் கதையின் இலக்கணம் நன்றாகத் தெரிந்திருந்தது. தெரியாதவருக்கு அந்த நகைச்சுவை எட்டியிருக்காது. சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’ இன்னும் நல்ல சான்று. நாட்டுப்புறப் பாடல் சேகரிக்கக் கிராமத்துக்கு வரும் கல்யாணராமன் அந்த ஊருக்குப் புதியவன். ஊரின் நடப்புகளை அவன் கற்றுக்கொள்ளும்போதே நாமும் கற்றுக்கொள்கிறோம். அதனால் ஒழுங்கு கலையும்போது அவனோடு சேர்ந்து நாமும் திடுக்கிடுகிறோம். சுஜாதாவின் வழக்கறிஞர் இணையான கணேஷ், வசந்த் வரும் பல கதைகளைவிட இந்த நாவலை உயர்வாக வைக்க எனக்குத் தயக்கமில்லை.

மறுப்புகள் வரும். தெரியாத இடத்தில் நடக்கும் மர்மக் கதை உலகெங்கும் வென்றிருக்கிறதே என்பார்கள். அகதா கிறிஸ்டியின் 1934 நாவலான ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ பனியில் சிக்கிய ரயிலில் நடக்கிறது. உண்மைதான். ஆனால் யாருக்கு எந்தப் படுக்கை, நடத்துநர் எங்கே உட்கார்ந்திருப்பார், எந்தக் கதவு எதற்குத் திறக்கும் என்று கிறிஸ்டி முதலில் நமக்குச் சொல்லித் தந்துவிடுகிறார்; பெட்டியின் வரைபடத்தைக்கூடக் கொடுக்கிறார். அந்நிய இடத்தை வாசகருக்குப் பழக்கமாக்கிய பிறகே அங்கே கொலையை வைக்கிறார். இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: வாசகர் அன்றாடத்திலிருந்து தப்பிக்கத்தானே இந்தக் கதைகளைப் படிக்கிறார்? விமானத்தையே வானத்தில் மட்டும் பார்த்த தலைமுறைக்குச் சங்கர்லால் உலகத்தைக் காட்டினார். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துப் பேச மாட்டேன். இன்று அந்த வாசகரின் மகள் சிங்கப்பூரிலோ டல்லாஸிலோ இருக்கிறாள். வெளிநாட்டுத் தெரு அவருக்கு வீடியோ அழைப்பில் வருகிறது. இப்போது அவருக்கு அதிசயமாக இருக்கக்கூடியது, தினமும் பார்க்கும் எதிர்வீட்டில் தான் கவனிக்கத் தவறிய ஒன்று. சிசிடிவி வந்தபின் மர்மத்துக்கே இடமில்லை என்பது மூன்றாவது மறுப்பு. கேமரா வந்தவரைக் காட்டும். நாள்தோறும் வருகிறவர் இன்று ஏன் வரவில்லை என்று அது கேட்காது. அதைக் கேட்க அந்தத் தெருவில் வாழும் ஒருவர் வேண்டும்.

சென்னையின் முகப்பேரையே எடுத்துக்கொள்வோம். வீட்டுவசதி வாரியத்தின் மனைகளும் குடியிருப்புகளுமாகக் கிழக்கு, மேற்கு, ஏரித் திட்டம் என்று பரவிய பகுதி. பக்கத்தில் 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. அங்கே லேத் பட்டறையும் ஐ.டி. அலுவலகமும் ஒரே சாலையில் இரவு ஷிஃப்ட் நடத்துகின்றன. ஆகவே இரவு இரண்டு மணிக்கு ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தால் செக்யூரிட்டி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். கொலை செய்தவர் மறைந்துகொள்ள இதைவிட நல்ல திரை ஏது? அதே குடியிருப்பில் வேறு சில ஒழுங்குகள் துல்லியமாக நடக்கின்றன. விடியலில் பால் பாக்கெட், வாசலில் கோலம், முறை வைத்து மோட்டார் போடுவது, கேன் தண்ணீர்க்காரர், தெருமுனை இஸ்திரி வண்டி. ஒரு வீட்டின் முன் காலை ஒன்பது மணிவரை கோலம் இல்லை என்றால் அதைக் கவனிக்கப் பத்துப் பேர் உண்டு. மேல்வீட்டு அம்மா கேட்பார், வேலைக்கு வரும் அக்கா சொல்வார், பென்ஷன் வாங்கும் பெரியவர் நேரத்தைக்கூட நினைவில் வைத்திருப்பார். சாட்சி, பொய்ச்சாட்சி, அலிபி எல்லாம் இங்கே தயாராக இருக்கின்றன. இதை எழுத ஒரு நாவலாசிரியர் வேண்டும்.

துப்பறியும் நாவல் எழுத நினைக்கும் இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொடைக்கானல் பங்களாவை விட்டுவிடுங்கள். ஒரு மாதம் உங்கள் தெருவுக்கு யார், எப்போது, எதற்கு வருகிறார்கள் என்று எழுதி வாருங்கள். முதல் அத்தியாயத்தை அதன்பிறகு தொடங்கலாம். அடுத்த வாரம், ஒரு கொலை வழக்கை முழுக்க நீதிமன்றத்துக்குள் வைத்துச் சொன்ன தேவனின் ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ பற்றி எழுதுகிறேன். படித்திராதவர்கள் அதற்குள் படித்துவிடுங்கள்.