சிப்பி நம்ம சிப்பிதானே?

2017 ஜூலை 1. நாடு முழுக்க ஜி.எஸ்.டி. பிறந்த நாள். எங்கள் ஆபீஸில் மட்டும் எழவு விழுந்த வீடு மாதிரி அப்படியொரு அமைதி!

தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் செய்து கொடுக்கிற சின்ன ஆபீஸ் அது. நான் பில் போடுகிற பிரிவு. பிரிவு என்றதும் பெரிசாக நினைத்துவிடாதீர்கள்... நானும் ஒரு டாட்மேட்ரிக்ஸ் பிரிண்டரும்தான்!

பில் போடும் சாஃப்ட்வேரை வெளியூர் கம்பெனி ஒன்றிடம் காசு கொடுத்து வாங்கியிருந்தோம். அதற்குத் தெரிந்ததெல்லாம் சர்வீஸ் டாக்ஸ் 15 சதவிகிதம். இப்போதோ மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9 என்று வரியைப் பிரித்துக் காட்ட வேண்டும். கம்பெனிக்குப் போன் போட்டால், "அது பழைய வெர்ஷன் சார், புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். விலையைக் கேட்டுவிட்டு மானேஜர் அண்ணாச்சி இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

கம்ப்யூட்டர் பார்க்கிற தம்பி மெதுவாக ஆரம்பித்தான். "அண்ணாச்சி, புரோகிராம் எழுதின ஃபைல் இங்கனயேதான் கிடக்கு. நாலு வரி மாத்தினா போதும்."

"ஏலே, சும்மா இரு! வாங்கும்போது கையெழுத்துப் போட்ட தாள்ல 'மாற்றக் கூடாது'ன்னு போட்டிருக்கு. என்னைய கம்பி எண்ண வைக்கப் பாக்கியா?"

எனக்குத் தாத்தா சொன்ன முத்துக்குளிப்புக் கதை ஞாபகம் வந்தது. எங்கள் கடலில் 1955 முதல் 1961 வரை கடைசியாக நடந்தது. சிப்பியைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் ராஜா, இல்லாவிட்டால் நாற்றம்தான் மிச்சம்! ஆனால், 'சிப்பி உம்முடையது, திறக்க மட்டும் கூடாது' என்று ஏலம் எடுத்தவரிடம் யாராவது சொல்லியிருப்பார்களா?

சாயங்காலம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போய் இதையே கேட்டேன். சிரித்தார்.

"சிப்பி உங்களுதுதான். ஆனா அதே மாதிரி சிப்பி செஞ்சு விக்கிற உரிமை உங்களுது இல்ல. அது எழுதினவன்கிட்டயே இருக்கு. அதுக்குப் பேர்தான் காப்பிரைட்" என்றவர், 1957-ம் வருஷத்துச் சட்டத்தை எடுத்து 52-வது பிரிவைப் புரட்டினார்.

விஷயம் இதுதான்: சாஃப்ட்வேரை முறைப்படி வைத்திருப்பவர், அது எந்த வேலைக்காகத் தரப்பட்டதோ அந்த வேலைக்குப் பயன்படுத்துவதற்காக அதை நகல் எடுக்கலாம், தகுந்தபடி மாற்றியும் கொள்ளலாம். கெட்டுப் போனால் உதவட்டும் என்று ஒரு பேக்கப் வைத்துக்கொள்ளலாம். அது எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்தும் பார்க்கலாம்.

"பில் போடத்தானே வாங்கினீங்க? பில் போடத்தானே மாத்தறீங்க? காப்பிரைட் சட்டத்துல இடம் இருக்கு. ஆனா, ஒப்பந்தத்தை மீறிட்டீங்கன்னு அவங்க சிவில் கேஸ் போட்டா நாம வாதாடணும். மாத்தினதை வேற ஆபீசுக்கு வித்தா நேரா வம்புதான்."

மானேஜர் அண்ணாச்சி முகத்தில் இப்போதுதான் ரத்தம் ஓடியது. வக்கீல் விடவில்லை. "அது சரி... எத்தனை கம்ப்யூட்டர்ல போட்டிருக்கீங்க?"

"மூணு."

"லைசென்ஸ்?"

"...ஒண்ணு."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அண்ணாச்சி, நாலு வரி மாத்தறதுக்குப் பயப்படறீங்களே... இதுக்கில்ல பயப்படணும்! திருட்டு நகல்னு தெரிஞ்சே பயன்படுத்தினா 63-பி பிரிவு. 7 நாள்லேர்ந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000 ரூபாய்லேர்ந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். உரிமையெல்லாம் முறையா வச்சிருக்கிறவனுக்குத்தான்!"

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

அப்புறம் நானே கொஞ்சம் தேடிப் படித்தேன். கடையில் வாங்கும் ரெடிமேட் சாஃப்ட்வேரும் சரக்குதான், விற்பனை வரி உண்டு என்று 2004-ல் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வரி வாங்கும்போது சரக்கு, ரிப்பேர் பார்க்கும்போது மட்டும் வாடகை வீடா? நியாயமான கேள்விதானே! ஐரோப்பாவில் பெல்ஜியம் அரசு அலுவலகம் ஒன்று, வாங்கிய புரோகிராமைப் பிரித்து, கோளாறான ஒரு பகுதியை நிறுத்தி வைத்தது. விற்ற கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. வேலை செய்ய விடாத பிழையைத் திருத்துவதற்காக, முறையாக வாங்கியவர் பிரித்துப் பார்க்கலாம் என்று 2021-ல் ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே நண்பர்களே, ஆபீஸில் சாஃப்ட்வேர் மக்கர் செய்தால் உடனே பயப்படாதீர்கள், உடனே கை வைக்கவும் செய்யாதீர்கள். முதலில் பில்லைத் தேடுங்கள். அடுத்து, கையெழுத்துப் போட்ட தாளைப் படியுங்கள்.

எங்கள் கதை? மறுநாளே இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து அதை அழித்தோம். மூன்றாவதில் தம்பி நாலு வரி மாற்றினான் (உண்மையில் முப்பத்தேழு!). முதல் பில் வந்ததும் மானேஜர் அண்ணாச்சி பேப்பரில் 9-ஐயும் 9-ஐயும் இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஒரே ஒரு கஷ்டம்தான். ஒரு கம்ப்யூட்டர் முன்னால் இப்போது மூன்று பேர் க்யூ. ரேஷன் கடை தோற்றது, போங்கள்!